ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஊர் காலியாச்சு!

செமஸ்டர் லீவுக்கு ஊட்டி, கொடைக்கானல்னு அதே லிஸ்ட் போரடிச்சுடுச்சா? ஒரு தடவை குஜராத் பக்கம் டிக்கெட் போடுங்க. புஜ் வரைக்கும் ரயில். அங்கிருந்து காவ்டா வழியா போனா, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை வெளேர்னு உப்புப் பாலைவனம். நவம்பர் டூ பிப்ரவரிக்குள்ள போயிடணும். மே மாசம் போனா நீங்களே உப்புக்கண்டம்தான்!

அந்த உப்புக்கு நடுவுல தீவு மாதிரி ஒரு மேடு. அதுலதான் தோலாவிரா இருக்கு. சிந்து சமவெளி மக்கள் கட்டின பெரிய நகரங்கள்ல ஒண்ணு. 1990-ல் ஆர்.எஸ்.பிஷ்ட் தலைமையில் தோண்ட ஆரம்பிச்சாங்க. 2021-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாச்சு. வடக்கு வாசல்கிட்ட பத்து பெரிய எழுத்துகளோட ஒரு 'சைன் போர்டு' கிடைச்சுது. இதுவரைக்கும் யாராலும் படிக்க முடியலை. (சிந்து எழுத்தைப் படிச்சு சொல்றவங்களுக்கு 10 லட்சம் டாலர் பரிசுன்னு 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவிச்சது ஞாபகம் இருக்கா?)

ஆனா அங்க உங்களை அசர வைக்கப் போறது குளங்கள்தான். கிழக்குப் பக்கக் குளம் மட்டும் 70 மீட்டருக்கு மேல நீளம், சுமார் 10 மீட்டர் ஆழம். இறங்குறதுக்குக் கல் படிக்கட்டு. தெற்குப் பக்கம் பாறையையே குடைஞ்சு குளமாக்கியிருக்காங்க. ஊருக்கு ரெண்டு பக்கமும் மன்சர், மன்ஹர்னு ரெண்டு ஓடை. மழைக்காலத்தில் மட்டும்தான் தண்ணி ஓடும். குறுக்கே தடுப்பணை போட்டு அதைக் குளத்துக்குத் திருப்பிவிட்டாங்க. கோட்டைக்குள்ள விழுற மழையைக்கூட விடலை. அதுக்குன்னு கட்டின வடிகால்கள்ல சில இடங்கள்ல ஆளே நடந்து போகலாம்!

இவ்வளவு உஷாரான ஆளுங்க ஏன் ஊரைக் காலி பண்ணாங்க?

இதுக்கான க்ளூ இந்தியாவோட அடுத்த கோடியில இருக்கு. மேகாலயாவில், சிரபுஞ்சி பக்கத்துல மாவ்ம்லு குகை. மேலிருந்து சொட்டுற தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு, தரையில அடுக்கடுக்கா படிஞ்சு கல் தூணா வளரும். தண்ணியில இருக்கிற ஆக்சிஜன்ல லேசானது, கனமானதுன்னு வகை உண்டு. பருவமழை வெளுத்து வாங்கின காலத்து அடுக்குல லேசானது அதிகம். மழை குறைஞ்சா கனமானது ஏறும். அந்தக் கல்லைப் படிச்சதுல, சுமார் 4,200 வருஷத்துக்கு முன்னாடி பருவமழை பலவீனமானது தெரிஞ்சுது. அங்கிருந்து இன்னிக்கு வரைக்கும் உள்ள காலத்துக்கு 2018-ல் 'மேகாலயன்' காலம்னே பேர் வெச்சாங்க. கார் இல்லை, ஃபேக்டரி இல்லை. முழுக்க இயற்கையோட வேலை.

ஒரு வருஷம், ரெண்டு வருஷம் மழை பொய்ச்சா குளம் காப்பாத்தும். தாத்தா காலத்திலும் குறைவு, பேரன் காலத்திலும் குறைவுன்னா எவ்வளவு ஆழமா வெட்டினாலும் என்ன பண்றது? மழை மட்டும்தான் காரணம்னு ஒத்தைக் கால்ல நிக்க வேண்டாம். மெசபடோமியாவோட நடந்த வியாபாரம் படுத்ததையும் சொல்றாங்க. ஆராய்ச்சியாளர்கள் நடுவுல இந்தச் சண்டை இன்னும் ஓயலை. எனக்கென்னவோ, தண்ணிக்காக இவ்வளவு மெனக்கெட்ட ஊர் தண்ணியாலதான் தளர்ந்திருக்கும்னு தோணுது.

அதுவும் ஒரே ராத்திரியில நடக்கலை. முதல்ல பராமரிப்பு குறைஞ்சுது. அப்புறம் ஊர் காலி. கொஞ்ச காலம் கழிச்சு சின்னக் கூட்டம் ஒண்ணு வந்து குடியேறிச்சு. அதுவும் போச்சு. கடைசியா வந்தவங்க கோட்டை கட்டலை, நேர் நேரா தெரு போடலை. வட்ட வட்டமா குடிசை போட்டு வாழ்ந்தாங்க.

கட்ச் கிராமங்கள்ல இன்னிக்கும் வட்ட வடிவ மண் வீடுகளைப் பார்க்கலாம். பேரு 'பூங்கா' (நம்ம பார்க் இல்லைங்க!). குளத்தோட செல்ஃபி எடுத்து முடிச்சதும், அந்தக் கடைசிக் குடிசைகளோட வட்டக் கல் அடித்தளம் எங்கேன்னு கைடுகிட்ட கேளுங்க. முழங்கால் உயரம்கூட இருக்காது. பார்க்காம வந்துடாதீங்க.