மட்டு, மரியாதை, வரப்பு

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை. காலை ஷிப்ட்டுக்கு ஆள் இறங்கும் நேரம். டீக்கடையில் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன், தன் அப்பா வயதுள்ள கடைக்காரரிடம், "அண்ணா, நீ ரெண்டு டீ குடு" என்றான். பக்கத்தில் நின்றவர், "மரியாதை தெரியாத பசங்க" என்று முணுமுணுத்தார். கடைக்காரர் முகம் மாறாமல் டீயை ஆற்றிக் கொடுத்தார். என்னால்தான் 'மரியாதை' என்ற அந்தச் சொல்லை விட முடியவில்லை.

*

மரியாதை வடசொல். 'மர்யாதா' என்றால் எல்லை, கரை. 'மட்டு மரியாதை இல்லாம பேசறான்' என்கிறோமே, அதில் வரும் மட்டும் எல்லைதான். 'மட்டுப்படுத்து' என்பதில் உள்ள மட்டு. ஒரே பொருளை இரண்டு சொற்களால் அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள்.

*

மூன்றாவது சொல் வயலிலிருந்து வந்தது: வரம்பு மீறிப் பேசுதல். வரம்பு என்றாலும் வரப்பு என்றாலும் ஒன்றுதான். திருமுடிவாக்கம் அடங்கிய செங்கல்பட்டுச் சீமை ஏரிப்பாசனச் சீமை. இங்கே வரப்பைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டாம். வரப்பு உடைந்தால் மேல் வயலில் நீர் நிற்காது, கீழ் வயலில் பயிர் மூழ்கும். நடுவில் இருக்கும் ஒரே வரப்பு இரண்டு வயலையும் காக்கிறது.

*

புழக்கத்தில் கேட்டவை:

கோயிலில் முதல் மரியாதை. பரிவட்டம், மாலை. இதற்காக ஊர்கள் கோர்ட் படி ஏறியிருக்கின்றன.

அரசியலில் மரியாதை நிமித்தமான சந்திப்பு.

இறந்தவருக்கு இறுதி மரியாதை.

தெருவில், "மரியாதையா போயிடு." இங்கே அது மிரட்டல்.

"மரியாதை கெட்டுடும்." கெடப்போவது கேட்பவனுடைய மரியாதை.

*

அம்மாவை நீ என்கிறோம். சாமியையும் நீ என்கிறோம். ஆகவே 'நீ' என்ற சொல்லில் குற்றம் இல்லை. ஒருவர் சொல்லலாம், மற்றவர் திருப்பிச் சொல்லக்கூடாது என்று ஆகும்போதுதான் அது குத்துகிறது.

*

இந்தியில் தூ, தும், ஆப். வங்காளத்தில் துய், துமி, ஆப்னி. ஒடியாவிலும் இதேபோல் மூன்று படிகள். பேச்சில் நமக்கு நீ, நீங்க என்று இரண்டே. முன்னிலையில் நம்மைவிட ஒரு படி கூடுதலாக உள்ள மொழிகளைப் பேசி வளர்ந்த பிள்ளைகள் அந்த டீக்கடைப் பையனும் அவனைப் போல் இங்கே வேலைக்கு வந்தவர்களும். அவர்களுக்கா மரியாதை தெரியாது? இங்கே அவர்கள் காதில் விழும் தமிழ் என்ன? வா. போ. தூக்கு. சீக்கிரம் எடு. 'வாங்க' என்று யாராவது கூப்பிட்டிருந்தால்தானே அப்படி ஒரு சொல் இருப்பது தெரியும்?

*

1929 பிப்ரவரி, செங்கல்பட்டு. முதல் சுயமரியாதை மாநாடு. தலைமை டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன். பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். திருமுடிவாக்கம் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. மேலே இருப்பவருக்குச் செலுத்த வேண்டியது என்று புழங்கிவந்த சொல், 'சுய' சேர்ந்ததும், பிறந்த எல்லோருக்கும் உரியதானது. இந்த மண்ணில் நடந்த பெரிய மொழி மாற்றம் இதுதான் என்று நினைக்கிறேன்.

*

டீக்கடையில் அது நடந்த அதே வாரம், ஒரு கம்பெனி வாசல். ஐம்பதைத் தாண்டிய பெண் பெருக்கிக்கொண்டிருந்தார். முப்பது வயது சூப்பர்வைசர், "ஏய், இங்க வா" என்றார். "வரேங்க சார்" என்று துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு அந்தம்மா போனார். நாலைந்து பேர் நின்றிருந்தோம். மரியாதை தெரியாதவர் என்று யாரும் முணுமுணுக்கவில்லை. நானும் முணுமுணுக்கவில்லை. இப்போது எழுதுகிறேன்: அங்கே வரப்பை உடைத்தவர் அந்த சூப்பர்வைசர். டீக்கடைப் பையன் எதையும் உடைக்கவில்லை.

*

கீழே இருப்பவன் மீறினால் மட்டும் கண்ணில் படுகிற எல்லையை எல்லை என்று சொல்ல முடியாது.

நாளைக் காலை டீக்கடையில் அந்தப் பையன்களைப் பார்த்தால், "வாங்க தம்பி, உக்காருங்க" என்று சொல்லுங்கள். நம் வாயைப் பார்த்துத்தான் அவர்கள் தமிழ் கற்கிறார்கள்.