விரும்பிச் சுமந்த மூட்டை

யூலை மாதத்தின் கடைசி இரண்டு கிழமைகளும் கியூபெக் மாநிலத்தில் கட்டடத் தொழிலாளர் விடுமுறைக் காலம். கட்டட வேலைகளோடு சேர்த்துப் பல தொழிற்சாலைகளும் அந்நாட்களில் கதவைச் சாத்திவிடும். எம்மவரில் பெரும்பாலானோர் அப்போது ரொறன்ரோவுக்குப் போவார்கள். கோயில் திருவிழா, கலியாணவீடு, சொந்தக்காரர் வீடு என்று நாட்கள் போய்விடும். போக வசதியில்லாதவர்கள் வீட்டில் இருந்து படம் பார்ப்பார்கள். நானும் மனைவியும் பல வருடங்கள் அப்படித்தான் இருந்தோம்.

என்னோடு ஒரே மெசினில் வேலை செய்யும் வயதான கியூபெக்காரர் ஒருவர் ஒவ்வொரு விடுமுறைக்கும் மனைவியோடு காட்டுக்குப் போவார். முதுகில் பையைக் கட்டிக்கொண்டு மூன்று நாள், நான்கு நாள் மலைக்காட்டுக்குள் நடப்பார்களாம். இதைக் கேட்டு எங்கள் பொடியள் சிரிப்பார்கள். "காசு குடுத்துக் காட்டுக்குள்ள நடக்கிறதோ? நாங்கள் சும்மாவே நடந்தனாங்கள்!" என்பான் ஒருவன். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் அந்த மனிதர் விடுமுறை முடிந்து வரும்போது அவரது முகத்தில் இருக்கும் தெளிவு என்னை யோசிக்க வைத்தது.

போன வருடம் அவரிடமே இரண்டு பைகளை இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி பைகளைக் கண்டதும் பேசாமல் குசினிக்குள் போய்விட்டார். அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். 2009 ஆம் ஆண்டு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று நடந்து போன சனத்தில் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. முதலில் தையல் மெசினை விட்டார்களாம். பிறகு பாத்திரங்களை விட்டார்களாம். கடைசியில் ஒரு பை மட்டும் மிஞ்சியதாம். இருட்டும் மரமும் பையும் சேர்ந்தால் அவருக்கு நினைவு வருவது உல்லாசப் பயணம் அல்ல.

அன்றிரவு எனது அப்பாச்சியைப் பற்றிச் சொன்னேன். அவர் இளவயதில் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்தே போனவர். திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாக நடந்து, உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டு, குமண, யால காடுகளுக்குள் இறங்குவார்கள். யானை, கரடி உலாவும் காடு. கும்புக்கன் ஆற்றைக் கடக்க வேண்டும். ஒன்றரை, இரண்டு மாதப் பயணம். யுத்த காலத்தில் தடைப்பட்ட அந்தப் பாதயாத்திரை பின்னர் மறுபடியும் நடக்கத் தொடங்கியது. அப்பாச்சியும் மூட்டை சுமந்தவர்தான். ஆனால் அது அவர் விரும்பிச் சுமந்த மூட்டை.

மனைவி நெடுநேரம் யோசித்தார். பிறகு, "இஞ்சாருங்கோ, திரும்பி வாற நாளை அக்காட்டச் சொல்லிப்போட்டுப் போறதெண்டால் வாறன். நாள் தெரியாத பயணம் எனக்கு வேண்டாம்" என்றார். இரண்டு இரவுகள், மூன்றாம் நாள் மாலை வீடு என்று கலண்டரில் வட்டம் போட்டோம். பிள்ளைகளை அவரது அக்கா வீட்டில் விட்டோம். நடப்பவர் தமது உடல் நிறையின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக்கூடாது என்று வேலையிடத்து நண்பர் சொல்லியிருந்தார். எதை எடுப்பது, எதை விடுவது என்று மனைவிக்கு யாரும் படிப்பிக்கத் தேவையிருக்கவில்லை. அரை மணித்தியாலத்தில் இரண்டு பைகளையும் கட்டிவிட்டார். தட்டை வடையும் பயற்றம் பணியாரமும் மாசிச் சம்பலும் கெடாத சாப்பாடுகள். அப்பாச்சியின் காலத்து வழிப்பயணச் சாப்பாடு மொன்றியலிலும் உதவியது.

நாங்கள் போனது மோன்-ட்ரம்பிளோன் தேசியப் பூங்காவுக்கு. மொன்றியலிலிருந்து வடக்கே 15 ஆம் இலக்க நெடுஞ்சாலையாலும் பிறகு 117 ஆம் இலக்கப் பாதையாலும் காரில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். 1895 ஆம் ஆண்டு தொடங்கிய இதுவே கியூபெக்கின் மிகப் பழைய பூங்கா. பரப்பளவு 1,510 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டத்தைவிட கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு பெரியது. அதற்குள் 400 ஏரிகள் வரை இருக்கின்றன. மலைகள் 1,000 மீற்றருக்கும் குறைந்தவை. எங்கள் பீதுருதலாகலையின் பாதி உயரம்கூட இல்லை. ஆனால் முதுகில் சுமையோடு ஏறும்போது அந்தக் கணக்கு உதவாது!

ட்ரம்பிளோன் என்றால் நடுங்குவது. மனிதன் காட்டுக்குத் தீங்கு செய்தால் மலையில் உறையும் ஆவி கோபித்து மலையை நடுங்க வைக்கும் என்று இந்த மண்ணின் பூர்வீகக் குடிகளான அல்கொங்கின் மக்கள் நம்பினார்கள். பூங்காவினூடாக ஓடும் ஆற்றின் பெயர் டியாபிள், அதாவது பிசாசு. "நடுங்கிற மலையாம், பிசாசு ஆறாம். நல்ல இடம் பார்த்துத்தான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்" என்றார் மனைவி. பையைச் சுமந்தபின் அவர் சொன்ன முதல் பகிடி அதுதான்.

மேப்பிள் மரங்களும் பேர்ச் மரங்களும் அடர்ந்த பாதை. உயர ஏற ஊசியிலை மரங்கள் கூடின. வழியில் காட்டுப் புளூபெரிப் பழங்கள் பிடுங்கித் தின்றோம். நுளம்பு எங்கள் ஊர் நுளம்பைவிடப் பெரியது. எதிரே வந்தவர்கள் எல்லோரும் "பொன்ஜூர்" என்றார்கள். ஒருவர்கூட எங்கிருந்து வருகிறீர்கள், ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

இரவில் தங்குவதற்கு மரத்தால் கட்டிய குடில்கள் உண்டு. மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. விறகு அடுப்பும் தட்டுக் கட்டில்களும் மட்டுமே. அந்தக் குடிலுக்குப் பிரெஞ்சில் 'றெஃபூஜ்' என்று பெயர். பதிவுத் துண்டில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் நான் சற்று நின்றுவிட்டேன். 'றெஃபூஜியே' என்ற சொல் எத்தனை கடதாசிகளில் எனது பெயரோடு வந்திருக்கிறது! வழக்கு முடியும்வரை அதைச் சுமந்து திரிந்தேன். இங்கே அதே வேர்ச்சொல், நடந்து களைத்த எவருக்கும் ஓர் இரவு தங்கக் கிடைக்கும் கூரைக்குப் பெயராக இருந்தது.

முதலிரவு மனைவி நித்திரை கொள்ளவில்லை. நடுச்சாமத்தில் ஏரிப் பக்கமிருந்து ஒரு நீண்ட அழுகுரல் கேட்டது. மனைவி எழும்பி உட்கார்ந்து கையால் சப்பாத்தைத் தேடினார். அவரது கை நடுங்கியது. அதே குடிலில் தங்கியிருந்த ஒரு கியூபெக் மூதாட்டி ரோச் லைற்றை அடித்து, தனது காசுப் பையிலிருந்து ஒரு டொலர் குற்றியை எடுத்துக் காட்டினார். அதில் உள்ள லூன் பறவைதான் கத்துகிறது என்று மெதுவான பிரெஞ்சில் விளங்கப்படுத்தினார். 1987 ஆம் ஆண்டிலிருந்து அந்தப் பறவை ஒரு டொலர் குற்றியில் இருக்கிறது. எத்தனை வருடமாக அதைக் கொடுத்து பஸ் ஏறியிருக்கிறோம், சாமான் வாங்கியிருக்கிறோம்! அதன் குரல் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. விடியற்காலையில் கண்விழித்தபோது மனைவியைக் காணவில்லை. பனிப்புகார் படிந்த ஏரிக்கரையில் தனியே நின்று பறவையைத் தேடிக்கொண்டிருந்தார். மறுநாள் இரவு அது கத்தியபோது, "உங்கட டொலர் கத்துது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

மூன்று நாள் நடையால் பழைய காயம் எல்லாம் ஆறிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். அது உண்மையல்ல. ஆனால் முதுகில் பையோடு நடந்து, சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் அக்கா வீட்டுக் கதவைத் தட்டியபோது மனைவி முகத்தில் இருந்ததை நான் கண்டேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விபரங்கள். குடில்களை மாதக்கணக்கில் முன்னரே பதிய வேண்டும். யூலையில் சனம் அதிகம், செப்டெம்பர் கடைசியில் இலைகள் சிவக்கும். கியூபெக்கின் தேசியப் பூங்காக்களில் 17 வயதும் அதற்குக் குறைந்தவர்களுக்கும் நுழைவு இலவசம். பூங்காவின் பெரும்பகுதியில் கைத்தொலைபேசி வேலை செய்யாது. ஆகவே போகும் பாதையையும் திரும்பும் நாளையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கறுப்புக் கரடிகள் உண்டு. சாப்பாட்டை வெளியே விட்டுவைக்காதீர்கள், கதைத்துக்கொண்டு நடவுங்கள். மனிதக் குரல் கேட்டால் அவை பெரும்பாலும் விலகிப் போய்விடும். புதுச் சப்பாத்தோடு போகாதீர்கள். இரவு தங்கப் பயமென்றால் காலையில் போய் மாலையில் திரும்பலாம்.

இந்த நாட்டில் எங்களுக்குத் தெரிந்தது தொழிற்சாலையும் மெற்றோவும் சுப்பர்மார்க்கட்டும்தான். இதன் மலையும் காடும் எங்கள் பிள்ளைகளுக்கும் உரியவை. அவர்களுக்கு முதுகுப் பை என்றால் பள்ளிக்கூடமும் விடுமுறையும் மட்டுமே நினைவுக்கு வரட்டும். வருகிற கோடையில் அவர்களையும் கூட்டிக்கொண்டு போக மனைவி இப்போதே குடில் பதிந்துவிட்டார்.