மிச்சத்தைச் சுமக்கும் கோடு

கணினித் திரையில் சாய்கோடு என்று ஒன்று கிடையாது. இருப்பவை வரிசையாய் அடுக்கிய பிக்சல்கள்தாம். பாதிப் பிக்சல் ஏறவோ கால் பிக்சல் இறங்கவோ வழியில்லை. கோட்டுக்கு மிக அருகில் உள்ள பிக்சலைத் தேர்ந்தெடுக்கும்போதெல்லாம் சிறு பிழை நேர்ந்தே தீரும். அந்தப் பிழையை, அதாவது மிச்சத்தை, மறக்காமல் அடுத்த அடிக்குக் கொண்டுசெல்வதால்தான் கோடு சேர வேண்டிய இடத்தில் சேர்கிறது என்பது என் வாதம். ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஜாக் பிரெசனம் 1962இல் இதற்கு ஒரு வழி கண்டார்; 1965இல் கட்டுரையாக வெளியிட்டார். அவர் முன்னால் இருந்தது திரைகூட அல்ல, எட்டுத் திசைகளில் மட்டும் சிறு சிறு அடிகளாகப் பேனாவை நகர்த்தும் பிளாட்டர். வலப்புறம் 5, மேலே 2 என்று ஒரு கோடு வேண்டும் என வையுங்கள். மிச்சத்தின் கணக்கை -1இல் தொடங்க வேண்டும். அடுத்த அடி வைக்கும் முன் கணக்கு பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் ஒரு படி ஏறி 10ஐக் கழிக்க வேண்டும். ஏறினாலும் ஏறாவிட்டாலும் அடிக்கு 4 கூட்ட வேண்டும். கணக்கு -1, 3, -3, 1, -5 என்று ஓடி மறுபடி -1இல் வந்து நிற்கும். கூட்டியதும் 20, கழித்ததும் 20. பெருக்கல் இல்லை, வகுத்தல் இல்லை, பின்னமும் இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இன்றைய சில்லுகள் பின்னங்களை நொடியில் கோடிக்கணக்கில் கணக்கிடுமே, இந்தச் சிக்கனம் எதற்கு என்று கேட்கலாம். வேகம் உண்மைதான். ஆனால் இந்தக் கோட்டின் சரிவான 0.4ஐ இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாது. அதைத் திரும்பத் திரும்பக் கூட்டினால் கண்ணுக்குத் தெரியாத கசிவு சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு புள்ளிக்கும் புதிதாகப் பெருக்கினால் கசிவு சேராது, பெருக்கலுக்கான செலவு சேரும். முழு எண் கணக்கில் இரண்டும் இல்லை. 1977இல் பிரெசனம் வட்டத்துக்கும் முழு எண்களிலேயே வழி சொன்னார். வட்டத்தின் எட்டில் ஒரு பங்கைக் கண்டுவிட்டால் மற்ற ஏழும் அதன் பிரதிபலிப்புகளே.

இத்தனை செய்தும் கோடு படிக்கட்டாகத்தானே தெரிகிறது என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஆம், தெரிகிறது. 1991இல் ஷியாவ்லின் வூ சொன்ன வழி அந்தப் படிகளை மழுப்புகிறது: கோடு இரண்டு பிக்சல்களுக்கு நடுவே போனால், எது எவ்வளவு அருகிலோ அவ்வளவு ஒளியை அதற்குக் கொடுக்கிறது. இதனால் மிச்சம் தேவையற்றதாகிவிடவில்லை. முன்பு ஏறலாமா வேண்டாமா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த அதே மிச்சம், இங்கே ஒளியின் அளவாகத் திரைக்கே வந்துவிடுகிறது.