ஒரே குழாயில் இரண்டு மோட்டார்

மே 28

இரவு 11 மணி, கம்பம், மாடியறை. கல்யாண வீடியோவின் முகூர்த்தக் காட்சி 71 சதவீதம் ரெண்டர் ஆகியிருந்தபோது கணினி தானாக அணைந்தது. பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். கிராபிக்ஸ் கார்டின் மேல் இருக்கும் வாட்டர் பிளாக் தொட முடியாத சூடு. ஒரு முழம் தள்ளி இருக்கும் ரேடியேட்டர் ஜில்லென்று கிடந்தது. தண்ணீர் நகரவே இல்லை. பம்ப் நின்றுவிட்டது.

‘நான்’ என்று தொடங்கிக் கை ஓடாததால், இந்த நோட்டில் அவன் தன்னை ‘அவன்’ என்றே எழுதுகிறான்.

மே 29

பம்பைக் கழற்றிப் பார்த்தான். டி5 வகை. உள்ளே ஒரு பீங்கான் குண்டு, அதன் மேல் கிண்ணம்போல் உட்கார்ந்து சுழலும் ரோட்டார். தனியாக எண்ணெய் கிடையாது, ஓடுகிற தண்ணீரேதான் அதற்கு மசகு. ரோட்டாரின் அடியில் வெள்ளையாகப் பசைபோல் ஏதோ அப்பியிருந்தது. வளையும் பிளாஸ்டிக் குழாயிலிருந்து நாளாவட்டத்தில் கசிந்து வரும் படிவு அது. இரண்டு வருடமாகத் தண்ணீர் மாற்றவில்லை. தப்பு அவனுடையதுதான்.

மே 30

வீடியோ கேட்டுப் பெண் வீட்டிலிருந்து மூன்று முறை போன். எடுக்கவில்லை.

ஜூன் 2

புதுப் பம்ப் வந்தது. டி5 கிடைக்காமல் டிடிசி வகையை வரவழைத்திருந்தான். இதற்குள் டூத் பிரஷ் போட்டுக் கழுவிய பழைய டி5-ம் ஓடத் தொடங்கிவிட்டது. ஆக, கையில் இரண்டு.

இரண்டும் ஒரே ஜாதி இல்லை. டி5 மணிக்கு 1,500 லிட்டர் வரை தள்ளும், ஆனால் 3.9 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏற்றாது. டிடிசி மணிக்கு 1,000 லிட்டர்தான், ஆனால் 5.2 மீட்டர் ஏற்றும். ஒன்று தாராளம், மற்றது முரட்டுப் பலம். சேர்த்தால் இரண்டு குணமும் கிடைக்கும் என்று அன்றிரவு சந்தோஷமாகத் தூங்கினான்.

ஜூன் 4

பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் வாங்கினான். சிறு தொட்டியிலிருந்து இரண்டு பம்புக்கும் தனித்தனி வழி. வெளிவாயில் இரண்டையும் ஒரு ‘ஒய்’ இணைப்பில் சேர்த்து ஒரே குழாயாக்கினான். பவர் சப்ளையின் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தால் மதர்போர்டை உசுப்பாமல் பம்ப் மட்டும் ஓடும். ஓடவிட்டான்.

ஓட்டத்தைக் காட்டும் சின்னச் சக்கரம் சோம்பலாகச் சுற்றியது. சந்தேகப்பட்டு டி5-ன் வழியைக் கிளாம்ப் போட்டு அடைத்தான். சக்கரம் வேகம் பிடித்தது. இரண்டு பம்ப் ஓடும்போது வந்த தண்ணீரைவிட ஒரே பம்ப் ஓடும்போது அதிகம்!

ஜூன் 5

யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. அம்மா வைத்த சோறு ஆறிப்போனது.

ஜூன் 9

அப்பா தோட்டத்துக்குக் கூப்பிட்டார். கணவாய்க் காற்று புழுதியை வாரி இறைத்த நாள்.

1895-ல் பெரியாற்றுத் தண்ணீர் கிழக்கே திரும்பியதிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு மலைச்சரிவின் தயவில் வாழ்கிறது. சுரங்கம் கடந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரமும் கொடுத்துவிட்டு, 14,707 ஏக்கர் நெல்வயலுக்கு அது ஒரு மோட்டாரும் இல்லாமல் பாய்கிறது. வாய்க்காலுக்கு மேலே இருக்கிற மேட்டுக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. திராட்சைப் பந்தலுக்குக் கிணறும் மோட்டாரும்தான் கதி. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சைதான் அவர்கள் தோட்டத்திலும்.

கிணற்றில் பழைய 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று. போன மாதம் அப்பா ஏழரை ஒன்றையும் இறக்கி, இரண்டையும் மேட்டுத் தொட்டிக்குப் போகிற பழைய குழாயிலேயே சேர்த்துவிட்டார். அன்று முதல் சின்ன மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் எடுப்பதில்லை. பம்பின் உடம்பில் கை வைத்தால் சுடுகிறது.

காயில் கட்டுகிற அண்ணன் வந்து, பெரிய மோட்டாரை அணைத்தார். சின்னது திமுதிமுவென்று தண்ணீர் எடுத்தது. மறுபடி பெரியதைப் போட்டார். சின்னது அடங்கியது.

“மோட்டார்ல ஒண்ணும் கோளாறு இல்லண்ணே,” என்றார் அப்பாவிடம். “பெருசு தள்ளுற தள்ளுல சின்னதுக்கு வாயத் தெறக்க முடியல. புட் வால்வு இருக்கதால தண்ணி கெணத்துக்குத் திரும்பல, அம்புட்டுதான். உள்ள கெடக்குற தண்ணியவே கடைஞ்சு கொதிக்க வைக்குது.”

“அப்ப என்னய்யா பண்றது?”

“தனிக் கொழாய் போடுங்க. இல்லாட்டி ஒண்ணு தள்ளுறத இன்னொண்ணு வாங்கித் தள்ளுற மாதிரி வரிசையா மாட்டணும்.”

அவன் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் கணினிப் பெட்டிக்குள் புட் வால்வு கிடையாது. டிடிசி கொடுத்த அழுத்தம் டி5-ன் 3.9 மீட்டரைத் தாண்டியதும், தண்ணீர் டி5 வழியாகவே தொட்டிக்குத் திரும்பிப் போயிருக்கிறது. டி5 ஓடிக்கொண்டே ஓட்டை ஆகியிருக்கிறது.

அப்பா கேட்டார்: “ஏண்டா, வெயில்ல மயக்கம் வந்துருச்சா?”

ஜூன் 10

வரிசையாக மாட்டினான். தொட்டி, அதை ஒட்டி டி5, அதன் வெளிவாயிலிருந்து நேராக டிடிசி, பிறகு பிளாக், ரேடியேட்டர். வரிசையில் ஓட்டம் ஒன்றேதான், அழுத்தம்தான் கூடும். பெட்டிக்குள் ஓடுவது மணிக்குச் சில நூறு லிட்டர். இரண்டு பம்பின் உச்ச ஓட்டமும் அதைவிட மிக அதிகம் என்பதால் ஒன்றுக்கொன்று தடை இல்லை. தோட்டத்தில் தண்ணீர் மேடேற வேண்டும். இங்கே ஏறுவது இறங்கிவிடுகிறது. உராய்வோடு மட்டும்தான் மல்லுக்கட்டு.

இணைப்பு ஒவ்வொன்றின் அடியிலும் டிஷ்யூ பேப்பர் சுற்றினான். காற்றுக் குமிழி வெளியேறப் பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பிடித்தபோது, மோனோபிளாக்கில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் காற்றெடுக்கும் அப்பாவின் முதுகு ஞாபகம் வந்தது. காலை வரை பேப்பர் நனையவில்லை.

ஜூன் 11

முகூர்த்தம் முழுதாக ரெண்டர் ஆனது. சூடு? ஒரு டிகிரிகூடக் குறையவில்லை.

கணக்குப் போட்டான். 400 வாட் வெப்பத்தை நிமிடத்துக்கு 4 லிட்டர் தண்ணீர் சுமந்தால், உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் வித்தியாசம் சுமார் 1.4 டிகிரி. தள்ளும் அழுத்தம் இரட்டித்தால் ஓட்டம் இரட்டிக்காது, உராய்வு ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால் 1.4 மடங்குதான் ஆகும். வித்தியாசம் ஒரு டிகிரியாக இறங்கும். லாபம் அரை டிகிரிகூட இல்லை. அறைச் சூட்டுக்குக் கீழே எந்தப் பம்பாலும் தண்ணீரைக் குளிரவைக்க முடியாது என்பது வேறு.

பெண் வீட்டுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டான். திட்டினார்கள். நியாயம்.

ஜூன் 19

ரெண்டர் ஓடும்போதே டி5-ன் மின் ஒயரைப் பிடுங்கினான். சக்கரம் தளர்ந்தது, நிற்கவில்லை. டிடிசி தனியாளாக, நின்றுபோன பம்பின் ஊடாகவே தண்ணீரை இழுத்தது. பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றான். ‘ஒய்’ இணைப்பில் ஒன்று நின்றிருந்தால் அதன் வழியாகவே தண்ணீர் திரும்பியிருக்கும்.

ஆனால் இந்தப் பத்து நிமிடமும் திரையில் ஓர் எச்சரிக்கையும் வரவில்லை. ஒயரைப் பிடுங்கியது அவன் என்பதால்தான் அவனுக்குத் தெரிந்தது. தானாக நின்றிருந்தால், இரண்டாவதும் நிற்கும் நாள்வரை தெரிந்திருக்காது.

ஜூலை 2

இரண்டு பம்பின் வேக ஒயரையும் மதர்போர்டின் தனித்தனி முனையில் செருகி, வேகம் பூஜ்யமானால் அலாரம் அடிக்கச் செய்துவிட்டான். மின்சாரம் மட்டும் நேராகப் பவர் சப்ளையிலிருந்து. முழு வேகத்தில் டி5 இழுக்கும் சுமையைச் சாதாரண ஃபேன் முனை தாங்காது. இரண்டு பம்ப் மாட்டுகிறவர்கள் இந்த ஒயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தோட்டத்தில் தனிக் குழாய் இன்னும் போடவில்லை. அப்பா ஒரு நாள் பெரிய மோட்டார், ஒரு நாள் சின்னது என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்.