எர்ணாவூர் கல்லு மேல ஒரு போட்டோஷூட்

1/ தம்பிக்குக் கல்யாணம். "அண்ணா, போட்டோஷூட்டை எர்ணாவூர்லயே வச்சுக்கலாமா? கருங்கல்லு, அலை, தூரத்துல கப்பல், செமயா இருக்கும்"னான்.

2/ அழகுதான். ஆனா அது அழகுக்குப் போட்ட கல் இல்லை. கடல் அரிச்சு வீடுகள் போனதால கொட்டினது. 2017 ஜனவரியில கப்பல்கள் மோதிக் கசிஞ்ச எண்ணெயை இந்தக் கரையிலதான் வாளியால அள்ளினாங்க.

3/ அலை படுற கல்லுல பாசி இருக்கும். வழுக்கித் தலையில அடிபட்டா நீச்சல் தெரிஞ்சும் பிரயோஜனம் இல்லை.

4/ என் டியூட்டியில ஒரு பையனைக் கொண்டு வந்தாங்க. செல்ஃபி எடுக்கப் போனவன். வழி முழுக்க வயித்தை அமுக்கியிருக்காங்க. மூச்சு யாரும் கொடுக்கலை. காப்பாத்த முடியலை.

5/ வயித்தை அமுக்காதீங்க. 108-க்கு ஒருத்தர் போன் பண்ணட்டும். மூச்சு இல்லைன்னா உடனே வாயோட வாய் வச்சு ஊதுங்க. அப்புறம் நெஞ்சுல 30 அழுத்தம், 2 மூச்சு, மாறி மாறி. மூழ்கினவருக்கு முதல் தேவை ஆக்சிஜன்.

6/ கடைசியில படகுக்கார அண்ணன்கிட்ட கேட்டுட்டு, மணல்ல ஏத்தி வச்சிருந்த படகுகிட்ட எடுத்தாங்க. கல்லும் கடலும் பின்னாடி வந்துடுச்சு. தம்பிக்கு ரொம்பப் பிடிச்ச படம் அதுதான்.