மறுகால் பாய்ந்த பிறகு

கூந்தன்குளத்தில் குளிர்காலம் என்று ஒன்று உண்டு என்றால் உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழியில் விடியக்காலைப் பனி. எட்டு மணி வெயில் ஏறினால் அதுவும் கிடையாது. இங்கே இருப்பது குளத்தில் தண்ணீர் நிற்கும் காலம், நிற்காத காலம் என்ற இரண்டுதான். பறவைகளும் அந்தக் கணக்கில்தான் வந்து போகின்றன.

*

கார்த்திகைக் கடைசி. குளம் முக்கால்வாசி நிறைந்திருக்கிறது. டீக்கடையில், “பறவை வந்தாச்சா அண்ணாச்சி?” என்றேன். “நீங்க தண்ணியக் கேளுங்க. தண்ணி வந்துட்டா அது தானா வந்துரும்” என்றார்.

நாங்குநேரி பக்கத்துக் குளங்களுக்கு மழைத் தண்ணீர் மட்டும் காணாது. மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாயில் விடவேண்டும். அந்த அணை 1958-இல் கட்டியது. வயலுக்காகத் திறக்கிற தண்ணீர்தான். நாரைக்கும் அதுவே கதி.

*

மார்கழி. வாத்துகள் இறங்கிவிட்டன. ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து, வாலை மட்டும் வானத்துக்குக் காட்டியபடி அடித்தண்ணீரில் மேய்கிறது. தட்டைவாயன் அப்படிக் கவிழ்வது அபூர்வம். அலகைத் தண்ணீரோடு ஒட்டி இப்படியும் அப்படியும் அரித்துக்கொண்டே போகும். நீலச்சிறகிகள் கூட்டமாகத் தூங்குகின்றன, அல்லது தூங்குகிற மாதிரி இருக்கின்றன. சேற்றுப்பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்ததும் மொத்தக் குளமும் எழும்பியது. பார்க்க அழகு. எண்ணுகிறவனுக்குத் தலைவேதனை.

எண்ணுவது பற்றி: தாமிரபரணி வட்டாரக் குளங்களில் 2011 முதல் பொங்கலையொட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள் என்று யாரும் சேரலாம். பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் நூறை எண்ணி, அந்த அளவைக் கண்ணில் பிடித்து, கூட்டம் முழுக்க அளந்துகொண்டே போகவேண்டும்.

*

வரித்தலை வாத்து. எல்லாரும் இதைப் பார்க்கத்தான் வருகிறார்கள், நானும். வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புக் கோடுகள். மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிறது. 7,000 மீட்டருக்கு மேல் பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். அதன் ரத்தச் சிவப்பணு, மெலிந்த காற்றிலிருந்தும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். அவ்வளவு உயரம் தாண்டி வந்த பறவை இங்கே கரையோரத்தில் ஆட்டுக்குப் பக்கத்தில் நின்று புல் மேய்கிறது.

*

தை. ஊருக்குள் போனேன். புளிய மரம், வேப்ப மரம், கொல்லைப்புற மரம் எல்லாவற்றிலும் கூடு. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீட்டு ஓட்டுக்கு மேலேயே குடித்தனம் நடத்துகின்றன. ஓடு வெளுத்துக் கிடக்கிறது. முற்றத்தில் ஒரே கவிச்சி. கூட்டிலிருந்து தவறிய மீன் ஒன்று கிடந்தது, அதைப் பூனை பார்த்துவிட்டது. “துணி காயப்போட முடியுதா ஆச்சி?” என்றதற்கு, “பிள்ள பெத்த வீட்டுல நாத்தம் இல்லாமயா இருக்கும்?” என்றாள். பறவை மிரளும் என்று இந்த ஊரில் தீபாவளிக்கு வேட்டுச் சத்தம் கேட்காது. 1994-இல் சரணாலயம் என்று அறிவித்ததும், 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியல் என்று சொன்னதும் பின்னால் வந்தவை. கீழே விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் போட்டு வளர்ப்பதற்கென்று இங்கே ஓர் அடைப்பே உண்டு.

கூழைக்கடாக் குஞ்சு தீனி வாங்குவதைக் கிட்டத்தில் பார்த்தேன். அழகு என்று சொல்லமாட்டேன். தாயின் தாடைப் பைக்குள் தலை, கழுத்து, பாதி உடம்பு வரை நுழைத்து உள்ளிருந்து இடிக்கிறது. தாய் கழுத்தை வளைத்துக் கண்ணை மூடிப் பொறுத்துக்கொண்டு நின்றது. குஞ்சு போடும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். பெரியவை அனேகமாக வாய் திறப்பதே இல்லை.

*

மாசி. வெயில் உறைக்கிறது. மஞ்சள்மூக்கு நாரை சூரியனுக்கு முதுகைக் காட்டி, இரண்டு சிறகையும் தொங்கவிட்டு நிற்கிறது. அந்த நிழலுக்குள் குஞ்சுகள். சூரியன் நகர நகர அதுவும் கூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொள்கிறது. இணைப் பறவை குளத்துக்குப் போய் அலகில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகளின் மேல் சொட்டவிட்டது. புகைப்படக்காரர்கள் நாரையின் இளஞ்சிவப்பு இறகுக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு இதைவிட வேறு படம் வேண்டாம்.

நத்தைகுத்தி நாரை மட்டும் யாரையும் சட்டை செய்யாமல் சேற்றில் நத்தை துழாவிக்கொண்டிருக்கிறது. மூடினாலும் நடுவில் இடைவெளி விடும் அலகு.

*

வரித்தலை வாத்துகள் குறைந்துவிட்டன. இன்னும் கொஞ்ச நாளில் ஒன்றும் இருக்காது. அவற்றைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நிறைந்த காலத்தில் வந்து உண்டுவிட்டுப் போகிறவை. கூடு கட்டியவைதான் மாட்டிக்கொள்ளும். நாரைக் குஞ்சு சிறகடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், கூழைக்கடாவுக்கு மூன்று மாதத்துக்கும் மேல். தையில் இட்ட முட்டை என்றால் சித்திரை, வைகாசி வரை கிட்டத்தில் மீன் வேண்டும். மழை நின்று வெகுநாளாகிறது. குளம் நிறைந்து மறுகால் பாய்ந்த இடத்தில் இப்போது பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

கால்வாயில் இன்னொரு நனைப்புக்குத் தண்ணீர் கேட்டு விவசாயிகள் மனு கொடுத்திருக்கிறார்களாம், நெல் கதிர் பிடிக்கிற சமயம். திறந்துவிட்டால் அடுத்த வாரமே குளத்துக்கு வந்துவிடும் என்கிறார் டீக்கடை அண்ணாச்சி. அணையில் எத்தனை அடி இருக்கிறது என்று பேப்பரில் பார்க்கச் சொன்னார்.