வீடே மிதந்து போகிறது!

மணிக்கு நாலு மைல்! இங்கிலாந்துக் கால்வாய்களில் அதற்கு மேல் வேகமாகப் படகு விடக் கூடாது. கரையில் நாயோடு நடந்து போகிற தாத்தா நம்மைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டும் போவார். நாலு நாளில் எட்டு ஊர் பார்க்கிறவர்களுக்கு இது லாயக்கில்லை. குழந்தைகளோடு, வேளைக்குச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு சாவகாசமாகப் போக நினைப்பவர்களுக்கு இதைப் போல இன்னொன்று கிடையாது.

மே மாதத் தொடக்கத்தில், அதாவது அவர்களுடைய வசந்த காலத்தில், நார்தாம்ப்டன்ஷயரில் உள்ள ப்ரான்ஸ்டன் கிராமத்திலிருந்து கிளம்பினோம். படகுக்கு 'நேரோ போட்' என்று பெயர். அகலம் ஏழடிக்குள்தான், நீளமோ எழுபது அடி வரைகூட உண்டு. ரயில் பெட்டியைத் தண்ணீரில் இறக்கிவிட்டாற்போல இருக்கும்! உள்ளே காஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், படுக்கை, குளியலறை எல்லாம் இருக்கின்றன. வாடகைக்கு எடுத்து ஓட்ட லைசென்ஸ் வேண்டாம். படகுக்காரர்களே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். சுக்கான் கட்டையை வலப் பக்கம் தள்ளினால் படகு இடப் பக்கம் திரும்பும். "நம்ம பெரியவன் மாதிரிதான், சொன்னதுக்கு நேர் எதிர்" என்றார் என் கணவர்.

கால்வாய் மேட்டில் எப்படி ஏறும் என்கிறீர்களா? அதற்குத்தான் 'லாக்'. இரண்டு பக்கமும் கதவு வைத்த கருங்கல், செங்கல் தொட்டி அது. படகு உள்ளே போனதும் பின்கதவைச் சாத்தி, இரும்புக் கைப்பிடியால் மேல்பக்க மதகைச் சுற்றித் திறந்தால் தண்ணீர் நிரம்பும். நாமும் லிஃப்டில் போவது போல் மேலே வருவோம். முன்கதவை முதலில் எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. இரண்டு பக்கமும் தண்ணீர் சமமானதும், முதுகைக் கொடுத்து நான் ஒருத்தி தள்ளவே திறந்துகொண்டது!

ப்ரான்ஸ்டனில் இப்படி ஆறு லாக் ஏறி, ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்கத்தைத் தாண்டி, பக்பியில் ஏழு இறங்க வேண்டும். இறங்கும்போதுதான் ஜாக்கிரதை தேவை. பின்னால் தண்ணீருக்கடியில் படிபோல் ஒரு மேடை இருக்கிறது. படகின் வால் அதில் உட்கார்ந்துவிட்டால் முன்பக்கம் கவிழ்ந்துவிடும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். அதற்கு முன்னாலேயே நிற்க வேண்டும். குழந்தைகளுக்கு மிதவை ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது. கால்வாய்த் தண்ணீரில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கலாம். கையில் கீறல் இருந்தால் பிளாஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

வேலியெல்லாம் வெள்ளைப் பூ. ஆட்டுக்குட்டிகள் துள்ளுகின்றன. பன்னிரண்டு வாத்துக் குஞ்சுகள் எங்கள் சமையலறை ஜன்னலுக்கே வந்து ரொட்டி கேட்டன. பக்பிப் பக்கம் மட்டும் ரயிலும் பெரிய நெடுஞ்சாலையும் கூடவே ஓடி இரைச்சல் போடுகின்றன.

அந்த பக்பியின் பெயரில் ஒரு தண்ணீர்க் கேன் உண்டு. ரோஜாப்பூ வரைந்த அழகான தகரக் கேன். இன்று அலங்காரமாக வாங்குகிறார்கள். ஒரு காலத்தில் ஒரு குடும்பத்தின் குடிதண்ணீர் முழுக்க அதில்தான் கூரை மேல் இருந்தது. 1805-ல் முழுமையாகத் திறந்த இந்தக் கால்வாய் வழியே லண்டனுக்குச் சரக்குப் போயிற்று. பிறகு ரயில் போட்டி வந்து கூலி குறைந்ததும், வீட்டு வாடகை கட்ட முடியாத படகுக்காரர்கள் பலர் மனைவி மக்களைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். படகு முழுக்கச் சரக்கு. குடும்பத்துக்குப் பத்தடிக் கேபின். மோட்டார் வந்த பிறகு புருஷன் முன் படகில். பின்னால் இழுபட்டு வரும் படகின் சுக்கானைப் பிடித்தபடியே மனைவி சமைத்தாள், பிள்ளை வளர்த்தாள். தவழும் குழந்தை விழாமலிருக்கக் கூரையோடு கயிறு கட்டிவிடுவார்களாம். நெரிசலைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது 1877-ல்தான்.

சரக்கு கொண்டு சேர்த்தால்தான் கூலி. பிள்ளைக்கு ஜுரம் என்று படகை நிறுத்த முடியுமா? மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான ப்ளிஸ்வொர்த் சுரங்கத்தைச் சொட்டச் சொட்ட நனைந்து கடந்தால், ஸ்டோக் ப்ரூவர்ன் கிராமம். அங்கேதான் சிஸ்டர் மேரி வார்ட் என்ற நர்ஸம்மா கரையோர வீட்டிலேயே இந்தக் குடும்பங்களுக்கு மருந்து கொடுத்தார், காயம் கட்டினார், கர்ப்பிணிகளைக் கவனித்தார். 1951-ல் அரசாங்கம் அவருக்குப் பதக்கம் கொடுத்தது.

அந்த ஊர்க் கால்வாய் மியூசியத்தை அவசியம் பாருங்கள். பழைய கேபின் ஒன்றில் எட்டிப் பார்த்தேன். கதவருகே கரி அடுப்பு. அலமாரிக் கதவைக் கீழே மடக்கினால் சாப்பாட்டு மேஜை. குறுக்குப் பலகையை இறக்கினால் புருஷன் பெண்டாட்டிக்குப் படுக்கை. சுவரில் லேஸ் தைத்த திரை, பளபளவென்று பித்தளைக் குமிழ்கள்.

"பசங்க எங்கேம்மா தூங்குவாங்க?" என்று கேட்டாள் என் பெண். பக்கவாட்டுப் பெஞ்சைக் காட்டினேன். அவள் கையை நீட்டி அளந்து பார்த்துவிட்டு, "ஒண்ணரை சாண்தான் இருக்கும்மா" என்றாள்.